கப்பல் பட்டியலை வைத்துத் தரவுத்தள வடிவமைப்பைக் கற்பது எப்படி?

தரவை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் உறவுநிலைத் தரவுத்தள வடிவமைப்பைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகப் படிப்பவர்களுக்குப் பாடநூல்கள் தரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மாணவர்–பாடம், ஊழியர்–துறை, வாடிக்கையாளர்–ஆர்டர் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். அவற்றில் தவறொன்றும் இல்லை. ஆனால் அவை யாரோ முன்பே துடைத்து அடுக்கி வைத்த தரவுகள் என்பதால், வடிவமைப்பவர் எடுக்க வேண்டிய முடிவுகளில் பாதி மாணவரின் கண்ணிலேயே படுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சிப் பொருள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை, டர்பன் அமைந்துள்ள நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட 152,184 பேரைப் பற்றிய கப்பல் பட்டியல்களைத்தான் சொல்கிறேன். காலனி எண் (வந்தவர் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்ட எண்), பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா, கப்பல், வந்த நாள் என்று நீளும் அந்தப் பட்டியல், வடிவமைப்புப் பாடத்தின் எல்லாச் சிக்கல்களையும் தன்னுள் வைத்திருக்கிறது.

முதலில் ஏறத்தாழ முப்பது வரிகளை ஓர் எக்செல் தாளில் உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரிகள் ஒரே கப்பலிலிருந்து வராமல், வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்த நான்கைந்து கப்பல்களிலிருந்து வரட்டும். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அடுத்து, எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன்னால், இந்தத் தரவுத்தளத்திடம் கேட்கப்போகும் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். நம் குடும்பங்களில் வழக்கமாகக் கேட்கப்படுபவையே போதும். பாட்டனாரின் தகப்பனார் எந்த ஊர்க்காரர், அவர் எந்தக் கப்பலில் வந்தார், அதே ஊரிலிருந்து அதே கப்பலில் வேறு யார் வந்தார்கள், அவர் எந்தக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார், ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகு இங்கேயே தங்கினாரா, ஊர் திரும்பினாரா? கேள்விகள் இல்லாமல் வடிவமைப்பைத் தொடங்கினால் எது தேவை, எது தேவையில்லை என்று தீர்மானிக்க அளவுகோலே இருக்காது.

ஒரு வரி எதைச் சொல்கிறது?

ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கோட் 1970ஆம் ஆண்டில் உறவுநிலை மாதிரியை முன்வைத்தபோது, அட்டவணை என்பதைக் கணிதத்தில் சொல்லப்படும் ஓர் உறவாக, அதாவது ஒரு கணமாக (உறுப்புகளின் தொகுப்பாக) கருதினார். கணத்தில் ஒரே உறுப்பு இருமுறை வராது. உறுப்புகளுக்கு முன்பின் வரிசையும் கிடையாது. இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் மிக எளியது: அட்டவணையின் ஒவ்வொரு வரியும் உலகத்தைப் பற்றிய ஓர் உண்மைக் கூற்று. ஆகவே எந்த அட்டவணையை வரைந்தாலும் அதன் ஒரு வரி சொல்வதை ஒரே வாக்கியமாக எழுதிப் பார்க்க வேண்டும். எழுத வராவிட்டால் அட்டவணையில் கோளாறு இருக்கிறது என்று பொருள்.

எக்செல் தாளின் ஒரு வரியை அப்படி எழுதிப் பார்ப்போம். "இந்த எண்ணுக்குரியவர், இன்னாரின் மகள், இத்தனை வயதில் இந்தப் பயணத்தில் வந்தார்; அந்தப் பயணம் இந்தக் கப்பலால் இந்தத் துறைமுகத்திலிருந்து மேற்கொள்ளப்பட்டு இந்த நாளில் முடிந்தது; அவருடைய கிராமம் இந்தத் தாலுகாவில் இருக்கிறது; அந்தத் தாலுகா இந்த ஜில்லாவைச் சேர்ந்தது; அவர் இந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார்." ஒரு வரி ஐந்து செய்திகளைச் சுமக்கிறது. அரைப்புள்ளி விழுந்த இடங்களில்தான் அட்டவணையை வெட்ட வேண்டும். இயல்பாக்கம் என்ற பெயரில் பின்னால் படிக்கப்போவதெல்லாம் இந்த வெட்டை எங்கே, எப்படிச் செய்வது என்பதற்கான துல்லியமான விதிகளே.

வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே தாளில் காணலாம். ஒரு கப்பலின் பெயர் எழுத்துப்பிழையுடன் முந்நூறு வரிகளில் இருந்தால் முந்நூறு இடத்தில் திருத்த வேண்டும். இரண்டு இடம் விட்டுப்போனால் ஒரு கப்பல் இரண்டு கப்பல்களாகிவிடும். பயணிகளின் விவரம் இன்னும் சேர்க்கப்படாத ஒரு பயணத்தைப் பதிவு செய்ய இடமே இல்லை. ஒரு பயணத்தைச் சேர்ந்த கடைசிப் பயணியின் வரியை நீக்கினால், அந்தப் பயணம் நடந்த செய்தியும் சேர்ந்து அழிந்துபோகும். திருத்தல், சேர்த்தல், நீக்கல் முரண்பாடுகள் என்று விரிவுரையில் மனப்பாடம் செய்யச் சொல்வது இந்த மூன்றையும்தான்.

சாவியைத் தேர்ந்தெடுத்தல்

ஒவ்வொரு வரியையும் பிற வரிகளிலிருந்து பிரித்தறியப் பயன்படும் புலம் (அட்டவணையின் ஒரு நெடுவரிசை) அல்லது புலங்களின் தொகுதிக்கு முதன்மைச் சாவி என்று பெயர். வகுப்பில் பிரைமரி கீ என்பார்கள். பெயர் சாவியாகாது என்பது முனியம்மாக்களையும் வீராசாமிகளையும் எண்ணிப் பார்த்தாலே விளங்கிவிடும். தந்தை பெயரைச் சேர்த்தாலும் போதாது. காலனி எண் நல்ல வேட்பாளராகத் தெரிகிறது. ஆனால் இங்கேதான் முதல் உண்மையான வடிவமைப்புக் கேள்வி எழுகிறது: நீங்கள் பதிவு செய்வது மனிதரையா, அல்லது பட்டியலில் உள்ள பதிவையா?

நேட்டாலில் பிறந்த பிள்ளைகள் கப்பலில் வரவில்லை. அவர்களுக்குக் கப்பல் பட்டியலில் எண் இராது. சொந்தச் செலவில் பயணச்சீட்டு வாங்கி வந்த வணிகர்களும் அந்தப் பட்டியலில் இல்லை. ஊர் திரும்பிவிட்டு இரண்டாம் ஒப்பந்தத்தில் மறுபடி கப்பலேறிய ஒருவரைப் பட்டியல்கள் இரு தனித்தனிப் பதிவுகளாகவே காட்டும். எனவே குடும்ப மரத்தையும் சேர்த்துத் தொகுப்பதாக இருந்தால், "நபர்" ஓர் அட்டவணையாகவும் "பதிவு" மற்றோர் அட்டவணையாகவும் இருப்பது நல்லது. நபருக்கு இயற்கையான அடையாளம் எதுவும் இல்லாததால் கணினி தானே வழங்கும் வரிசை எண் ஒன்றைச் சாவியாக வைக்கலாம். பதிவுக்குக் காலனி எண்ணே சாவியாகலாம்.

பதிவு அட்டவணைக்கும் செயற்கை எண்ணே வேண்டும் என்று நினைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், குற்றமில்லை. ஆனால் அப்போதும் காலனி எண் திரும்ப வரக்கூடாது என்ற தனித்துவக் கட்டுப்பாட்டைத் தனியாக அறிவிக்க வேண்டும். மாணவர்களின் செயல்திட்டங்களில் நான் மிக அதிகமாகக் காணும் குறை இதுதான்: எல்லா அட்டவணைக்கும் தானியங்கி எண்ணைச் சாவியாக வைத்துவிட்டு, இயற்கையான சாவியை மறந்துவிடுகிறார்கள். விளைவு, ஒரே பதிவை இருவர் தட்டச்சு செய்தால் இரண்டும் வெவ்வேறு எண்களுடன் அமைதியாக உள்ளே போய்விடும்.

கப்பலும் பயணமும் வேறு

1976ஆம் ஆண்டில் பீட்டர் சென் வெளியிட்ட உருப்பொருள்–உறவு வரைபட முறை இன்றும் பாடத்தின் நடுநாயகமாக இருக்கிறது. பெயர்ச்சொற்களை உருப்பொருள்களாகவும் வினைச்சொற்களை உறவுகளாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று வகுப்பில் சொல்வது தொடக்கத்துக்கு உதவும். ஆனால் பெயர்ச்சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. பட்டியலில் "கப்பல்" என்ற புலத்தில் உம்லாசி என்று எழுதியிருக்கும். உம்லாசி ஒரே கப்பல்தான். ஆனால் அது பல முறை நேட்டாலுக்கு வந்தது. ஒருவர் வந்த நாள் கப்பலைப் பொறுத்தது அன்று, குறிப்பிட்ட பயணத்தைப் பொறுத்தது. ஆகவே கப்பல் ஓர் உருப்பொருள், பயணம் வேறோர் உருப்பொருள். ஒரு கப்பலுக்குப் பல பயணங்கள், ஒரு பயணத்துக்குப் பல பதிவுகள். ட்ரூரோவை மட்டும் வைத்துப் பயிற்சி செய்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. பல கப்பல்களிலிருந்து வரிகளை எடுக்கச் சொன்னதன் காரணங்களில் இது ஒன்று. பயணத்துக்குப் புறப்பட்ட துறைமுகம், சேர்ந்த துறைமுகம் என்ற இரண்டு புலங்களையும் வைத்துவிட்டால், டர்பனிலிருந்து சென்னைக்குத் திரும்பியவர்களின் பயணங்களையும் அதே அட்டவணையில் பதிந்துகொள்ளலாம்.

ஒன்றுக்குப் பல என்ற உறவு இருக்கும் இடத்தில், "பல" என்ற பக்கத்தில் அயல் சாவி, அதாவது வேறோர் அட்டவணையின் சாவியைச் சுட்டும் புலம், அமரும்: பதிவு அட்டவணையில் பயண எண் இருக்கும், பயண அட்டவணையில் பதிவு எண்கள் இரா. பலவற்றுக்குப் பல என்ற உறவை நேரடியாக எழுத முடியாது. ஒரு தோட்டத்தில் பலர் வேலை செய்தார்கள். ஒருவரே ஒப்பந்தம் முடிந்து வேறொரு தோட்டத்தில் மறு ஒப்பந்தம் செய்துகொள்ளவும் கூடும். இரண்டுக்கும் நடுவே "ஒப்பந்தம்" என்ற இணைப்பு அட்டவணை தேவை; தொடக்க நாள், முடிவு நாள், கூலி ஆகியவை அதற்கே உரிய புலங்கள். இணைப்பு அட்டவணைக்கு "நபர்_தோட்டம்" என்று பெயர் வைக்காமல், அது குறிக்கும் நிகழ்வின் பெயரையே வைத்தால் அதற்குரிய புலங்கள் எவை என்பது தானாகவே துலங்கும்.

பெயர்களுக்கும் இதே கவனம் வேண்டும். பட்டியலில் ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியவையும், பின்னர் பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டலில் வந்தவையும், தந்தையின் பெயரே குடும்பப் பெயராக மாறியவையும் ஒரே நபருக்கு உரியவையாக இருக்கலாம். பெயர்_1, பெயர்_2, பெயர்_3 என்று புலங்களை அடுக்குவதும், ஒரே கட்டத்தில் காற்புள்ளியிட்டு மூன்று பெயர்களை எழுதுவதும், ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பே இருக்க வேண்டும், ஒரே வகைப் புலம் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்னும் முதல் இயல்பு வடிவத்துக்கு எதிரானவை. "பெயர்_வடிவம்" என்ற தனி அட்டவணையில் நபர் எண், எழுத்துக்கூட்டல், அது காணப்படும் ஆவணம் என்று மூன்று புலங்களை வைத்தால், கோவெண்டர் என்று தேடினாலும் கவுண்டர் என்று தேடினாலும் அதே மனிதர் கிடைப்பார். ஒன்று சொல்ல வேண்டும்: மூல ஆவணத்தில் உள்ளதைத் "திருத்தி" எழுதாதீர்கள். சாதி என்ற கட்டத்தில் சில வரிகளில் கிறிஸ்தவர் என்று மதம் எழுதப்பட்டிருக்கும். அந்தக் குழப்பமும் ஒரு சான்றே. உள்ளதை உள்ளபடி ஒரு புலத்திலும், உங்கள் விளக்கத்தை வேறொரு புலத்திலும் வையுங்கள்.

வயது வேறு வகைச் சிக்கல். பட்டியல் தருவது வந்து சேர்ந்தபோதைய வயது. அதை அப்படியே வைத்து, பிறந்த ஆண்டு வேண்டும்போது வந்த ஆண்டிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் சேமித்தால் என்றாவது ஒருநாள் ஒன்றுக்கொன்று முரண்படும்.

செயற்சார்பு: மாதிரியை நம்ப வேண்டாம்

மாணவர்கள் தடுமாறும் இடம் இதுவே என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். அ என்ற புலத்தின் மதிப்புத் தெரிந்தால் ஆ என்ற புலத்தின் மதிப்பு ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்றால், ஆ என்பது அ என்பதைச் சார்ந்திருக்கிறது என்கிறோம். இதுவே செயற்சார்பு; இதை அ → ஆ என்று எழுதுகிறோம். இந்தக் கூற்று உங்கள் முன்னால் இருக்கும் முப்பது வரிகளைப் பற்றியது அன்று. இனி வரக்கூடிய எல்லா வரிகளையும் பற்றியது. ட்ரூரோவின் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டால், ஒரே ஜில்லாவைச் சேர்ந்த எல்லோரும் ஒரே கப்பலில் வந்திருப்பார்கள். ஜில்லா → கப்பல் என்ற சார்பு உண்மைபோலவே தோன்றும். அடுத்த கப்பலின் ஒரு வரி வந்ததும் அது பொய்த்துவிடும். தரவைப் பார்த்துச் செயற்சார்பை மறுக்க முடியும், நிறுவ முடியாது. நிறுவுவதற்கு அந்தத் துறையின் விதி தெரிந்திருக்க வேண்டும். தேர்வில் ஓர் அட்டவணையைக் கொடுத்து "இதில் எந்தச் சார்புகள் பொருந்தாது" என்று கேட்பதற்கும் "எந்தச் சார்புகள் உள்ளன" என்று விதிகளைக் கொடுத்துக் கேட்பதற்கும் வேறுபாடு இதுதான்.

கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமப் பெயர் → தாலுகா என்று எழுதத் தோன்றும். புதூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று தெரிந்தவர் அப்படி எழுத மாட்டார். பெயர் தாலுகாவைத் தீர்மானிக்காது. ஒவ்வொரு கிராமத்துக்கும் நாம் தரும் ஊர் எண்தான் தீர்மானிக்கும். சரி, ஊர் எண் → தாலுகா → ஜில்லா என்று எழுதிவிட்டோம். இது எக்காலத்துக்கும் உண்மையா? நேட்டால் பட்டியல்களில் அடிக்கடி வரும் வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து 1911இல் சில பகுதிகள் பிரிந்து சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. எஞ்சிய மாவட்டம் 1989இல் இரண்டானது. அவற்றுள் திருவண்ணாமலை ஒன்று. வேலூர் என்று பெயர் பெற்ற மற்றொன்றிலிருந்து 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே "பட்டியல் எழுதப்பட்டபோது இந்த ஊர் இருந்த ஜில்லா" ஒரு செய்தி. "இன்று இந்த ஊர் இருக்கும் மாவட்டம்" இன்னொரு செய்தி. ஊரைத் தேடிப் பயணம் போகிறவருக்கு இரண்டாவதும் தேவை. இரண்டுக்கும் தனித்தனிப் புலம் வைத்தால் இரண்டுமே ஊர் எண்ணைச் சார்ந்து நிற்கும். ஒரே புலத்தில் கலந்தால் சார்பே குலைந்துவிடும்.

இயல்பு வடிவங்கள்

முதல் இயல்பு வடிவத்தை மேலே பார்த்துவிட்டோம். இரண்டாவது, பல புலங்கள் சேர்ந்த சாவியின் ஒரு பகுதியை மட்டும் எந்தச் சாதாரணப் புலமும் சார்ந்திருக்கக் கூடாது என்கிறது. மூன்றாவது, சாவியல்லாத புலம் ஒன்று சாவியல்லாத வேறொரு புலத்தின் வழியாகச் சாவியைச் சார்ந்திருக்கக் கூடாது என்கிறது. பதிவு அட்டவணையில் ஊர் எண்ணோடு தாலுகாவையும் ஜில்லாவையும் எழுதி வைத்தால் மூன்றாவது வடிவம் உடைகிறது. அவற்றை ஊர், தாலுகா அட்டவணைகளுக்கு அனுப்பிவிட வேண்டும்.

ஒப்பந்த அட்டவணை சற்று நுட்பமானது. அதில் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நபர் எண், தோட்ட எண், தொடக்க நாள் மூன்றும் சேர்ந்துதான் சாவி என்றால், தோட்டத்தின் பெயர் சாவியின் ஒரு பகுதியான தோட்ட எண்ணை மட்டும் சார்ந்திருப்பதால் அது இரண்டாம் வடிவத்தின் மீறல். ஆனால் ஒருவர் ஒரு நாளில் ஓர் ஒப்பந்தத்தை மட்டுமே தொடங்க முடியும் என்ற விதி இருந்தால், நபர் எண்ணும் தொடக்க நாளும் மட்டுமே சாவியாகிவிடும். தோட்ட எண் சாவிக்கு வெளியே போய்விடும். அதே மீறல் இப்போது மூன்றாம் வடிவத்துக்கு உரியதாகிறது. அட்டவணையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, விதி மட்டும்தான் மாறியது. எனவே "இது எந்த இயல்பு வடிவத்தில் உள்ளது" என்ற கேள்விக்குச் சாவியையும் சார்புகளையும் எழுதாமல் விடை எழுதாதீர்கள்.

பாய்ஸ்–கோட் வடிவம், சார்பின் இடப்பக்கத்தில் இருப்பது எப்போதும் ஒரு சாவியையாவது உள்ளடக்கியிருக்க வேண்டும் என்கிறது. மூன்றாவதற்கும் இதற்கும் வேறுபாடு தெரிய, வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். ஒரு மாணவருக்கு ஒரு பாடத்தை ஓர் ஆசிரியரே நடத்துகிறார். ஓர் ஆசிரியர் ஒரு பாடம் மட்டுமே நடத்துகிறார். மாணவர், பாடம், ஆசிரியர் என்ற அட்டவணை மூன்றாம் வடிவத்தில் இருக்கும், பாய்ஸ்–கோட் வடிவத்தில் இராது. ஏனெனில் ஆசிரியர் → பாடம் என்ற சார்பில் ஆசிரியர் சாவியல்ல. அதைப் பிரித்தால், ஒரு மாணவர் ஒரு பாடத்துக்கு இரண்டு ஆசிரியர்களிடம் பதிவாவதைத் தடுக்கும் விதியை எந்த ஒற்றை அட்டவணையும் காக்காது. இளநிலைப் பாடத்துக்கு இந்த அளவு போதும்.

பிரிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: திரும்பச் சேர்த்தால் பழையது அப்படியே கிடைக்க வேண்டும். பட்டியலை (காலனி எண், பெயர்) என்றும் (பெயர், ஊர்) என்றும் பிரித்துவிட்டதாகக் கொள்வோம். மாதிரிக்காக நான் புனைந்த இரு வரிகள்: எண் 501 முனியம்மா, ஊர் ஆம்பூர், எண் 502 முனியம்மா, ஊர் ஆரணி. இரண்டு அட்டவணைகளையும் பெயரால் இணைத்தால் 501 ஆம்பூர், 501 ஆரணி, 502 ஆம்பூர், 502 ஆரணி என்று நான்கு வரிகள் வரும். வரிகள் கூடிவிட்டன, ஆனால் செய்தி தொலைந்துவிட்டது, யார் எந்த ஊர் என்பது இனித் தெரியாது. பிரிந்த இரண்டுக்கும் பொதுவான புலம், அவற்றில் ஏதேனும் ஒன்றில் சாவியாக இருந்தால் இந்த விபத்து நேராது.

சாவியைக் கணக்கிட்டுக் காண்பதற்கு மூடுகணம் என்ற முறை இருக்கிறது: சில புலங்களில் தொடங்கி, சார்புகளின் வழியே எட்டக்கூடிய எல்லாப் புலங்களையும் சேர்த்துக்கொண்டே போவது. தேர்வில் உறுதியான மதிப்பெண் தரும் பகுதி அது. சார்புகள் இவை என்க: காலனி எண் → பெயர், பயண எண், ஊர் எண்; பயண எண் → கப்பல், வந்த நாள், துறைமுகம்; கப்பல், வந்த நாள் → பயண எண்; ஊர் எண் → தாலுகா; தாலுகா → ஜில்லா. கப்பல், வந்த நாள் என்ற இரண்டில் தொடங்குங்கள். மூன்றாம் சார்பால் பயண எண் சேர்கிறது. அது வந்ததும் இரண்டாம் சார்பால் துறைமுகம் சேர்கிறது. அதற்கு மேல் எதுவும் சேரவில்லை. பெயரை எட்டாததால் இது முழு அட்டவணைக்குச் சாவியல்ல. பயண அட்டவணைக்கு மட்டும் சாவி. காலனி எண்ணில் தொடங்கினால் எல்லாப் புலங்களும் வந்து சேர்ந்துவிடும். நேரத்தை மிச்சப்படுத்த ஒரு வழி: எந்தச் சார்பின் வலப்பக்கத்திலும் வராத புலம் எல்லாச் சாவிகளிலும் கட்டாயம் இருக்கும், வலப்பக்கத்தில் மட்டுமே வரும் புலம் எந்தச் சாவியிலும் இராது. இங்கே காலனி எண் முதல் வகை. பெயர், துறைமுகம், ஜில்லா ஆகியவை இரண்டாம் வகை. அதைக் கண்டதுமே வேலை பாதி முடிந்துவிடும்.

கணினியில் ஏற்றும்போது

பயிற்சிக்கு எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் எளியது. நிறுவ எதுவும் வேண்டாம், ஒரே கோப்பு. ஆனால் அதில் அயல் சாவிக் கட்டுப்பாடு இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வோர் இணைப்பின் தொடக்கத்திலும் ஃபாரின் கீஸ் என்ற பிராக்மா கட்டளையை இயக்காவிட்டால், இல்லாத பயணத்தில் வந்த பயணியையும் அது மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். புலத்தின் தரவு வகையையும் அது இயல்பாகக் கண்டிப்புடன் சோதிப்பதில்லை. இந்த இரண்டு காரணங்களுக்காகவே, வடிவமைப்பைச் சோதிக்க நான் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருளைப் பரிந்துரைப்பேன். பிழையை உடனே முகத்துக்கு நேரே சொல்லும் மென்பொருளிடம்தான் கற்க முடியும்.

அட்டவணைகளைச் சுட்டப்படுபவை முதலில், சுட்டுபவை பிறகு என்ற வரிசையில் உருவாக்குங்கள்: ஜில்லா, தாலுகா, ஊர், கப்பல், பயணம், நபர், பதிவு, தோட்டம், ஒப்பந்தம். நீக்கும்போது என்ன ஆக வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். பயணத்தை நீக்கினால் பதிவுகளும் சேர்ந்து நீங்கும் கேஸ்கேட் முறை இத்தகைய ஆவணத் தொகுப்புக்குப் பொருந்தாது. பதிவுகள் இருக்கும்வரை பயணத்தை நீக்க விடாத ரெஸ்ட்ரிக்ட் முறையே பாதுகாப்பானது. தமிழிலும் பெயர்களைச் சேமிப்பதாக இருந்தால் புலத்தின் நீளத்தைத் தாராளமாக வையுங்கள். முனியம்மா என்பது நம் கணக்கில் ஐந்து எழுத்து. யூனிகோடில் அது ஒன்பது குறியீடுகள். யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் சேமித்தால் இருபத்தேழு பைட்டுகள்.

தெரியாத மதிப்புகளுக்கு நல் (NULL) என்ற வெற்றுக்குறியை இடும்போது, அது எதற்கும் சமமன்று, தனக்கேகூடச் சமமன்று என்பதை நினைவில் வையுங்கள். "ஜில்லா வட ஆற்காடு அல்லாதவர்கள்" என்று வினவினால், ஜில்லா தெரியாதவர்கள் அந்த விடையில் வரமாட்டார்கள். அவர்களும் வேண்டுமென்றால் இஸ் நல் என்ற நிபந்தனையைத் தனியே சேர்க்க வேண்டும். தெரியாது என்பதும் பொருந்தாது என்பதும் ஒரே வெற்றிடத்தில் குவிவது வடிவமைப்பின் குறையாகவும் இருக்கலாம்: ஊர் திரும்பாதவருக்குத் திரும்பிய நாள் பொருந்தாது. திரும்பியதைத் தனி அட்டவணையாக வைத்தால், திரும்பாதவருக்கு வரியே இராது, வெற்றிடமும் தேவைப்படாது.

கடைசியாக, தொடக்கத்தில் எழுதிய கேள்விகளை ஒவ்வொன்றாக, தரவுத்தளத்திடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் வினவல்களாக எழுதி ஓட்டிப் பாருங்கள். அதே ஊரிலிருந்து அதே பயணத்தில் வந்தவர்களைக் காண, பதிவு அட்டவணையைத் தன்னோடு தானே இணைக்க வேண்டும். ஊர் எண்ணும் பயண எண்ணும் ஒன்றாகவும், முதலாவதன் காலனி எண் இரண்டாவதைவிடச் சிறியதாகவும் இருக்கட்டும் என்று நிபந்தனை வைத்தால் ஒரே இணை இருமுறை வராது. பிறகு எல்லா அட்டவணைகளையும் இணைத்துப் பழைய எக்செல் தாளை மீண்டும் உருவாக்கி, வரிகளை எண்ணிப் பாருங்கள். கூடுதலாக வந்தால் பிரித்த இடத்தில் சாவி தவறியிருக்கிறது, அல்லது ஒருவருக்கு இருந்த இரண்டு ஒப்பந்தங்கள் இரண்டு வரிகளாக விரிந்திருக்கின்றன. எதுவென்று வரிகளைப் பார்த்தாலே தெரியும். குறைவாக வந்தால், இரு பக்கமும் பொருந்தும் வரிகளை மட்டுமே தரும் உள்ளிணைப்பில் ஊர் தெரியாத பதிவுகள் உதிர்ந்திருக்கும். இடப்பக்க அட்டவணையின் எல்லா வரிகளையும் தக்கவைக்கும் லெஃப்ட் ஜாயின் போட்டு மறுபடி எண்ணுங்கள்.